மேல்மூடி மடக்கும் பழைய காரைப் பேணுதல்

பொறிகளில் இரு வகை உண்டு. தம் உள்ளமைப்பைப் பார்ப்பவருக்கு ஒளிக்காமல் காட்டுபவை ஒரு வகை. மூடி மறைப்பவை மற்றொரு வகை. இக்காலத்து மோட்டார் கார் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் எஞ்சின் மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் உறைகளே கண்ணில் படுகின்றன. 1960-களில் செய்யப்பட்ட கார் அத்தகையதன்று. எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே செல்கிறது, எந்தக் கம்பி எதை இழுக்கிறது என்பனவெல்லாம் வெளிப்படை. ஸ்பேனர்கள் சில, திருப்புளிகள் இரண்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், பொறுமை ஆகியவை இருப்பின் சாதாரண மனிதனும் அதைத் திருத்தலாம். எதை முதலில் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்னும் தெளிவும் அவனுக்கு வேண்டும். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் கார் எம்.ஜி.பி. என்பது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் சிற்றூரில் இருந்த தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை அது செய்யப்பட்டது. கூரையுள்ள வகையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன; அவற்றுள் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா சென்றது. இருவர் அமரும் சிறு கார். துணிபோன்ற வினைல் மேல்மூடியைப் பின்னால் மடக்கிக்கொள்ளலாம். 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் அதற்கு உண்டு. அதே எஞ்சின் குடும்பம் எளிய குடும்பக் கார்களிலும் பயன்பட்டது. ஆதலின் இதில் விந்தையான நுட்பம் எதுவும் இல்லை; எளிமையே இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். தொழில் நிமித்தமாக இங்கிலாந்தில் வாழ்ந்த ஆண்டுகளில் 1966-ஆம் ஆண்டு வண்டி ஒன்றை வாங்கிப் பேணியவன் என்ற முறையில் இதைக் கூறுகிறேன்.

பழைய காரை வாங்கியவருக்கு முதலில் எழும் ஆசை எஞ்சினைச் சீராக்கி வேகமாக ஓட்டுவது. அந்த ஆசையைச் சற்று அடக்குதல் வேண்டும். ஓடாத கார் எவரையும் கொல்லாது; நிற்காத கார் கொல்லும். இதற்கு இன்று ஒரு தனிக் காரணமும் உண்டு. பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு, பெரிய மாறுதல்கள் செய்யப்படாதிருந்தால், 2018 மே மாதம் முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்று விதி மாறியது. சோதனை போயிற்று, பொறுப்புப் போகவில்லை. சாலைக்குத் தகுதியற்ற வண்டியை ஓட்டுவது இன்றும் குற்றமே. முன்பு ஆண்டுக்கு ஒருமுறை அந்நியர் ஒருவர் பார்த்துச் சொன்ன குறைகளை இப்போது உரிமையாளரே தேடிக் காண வேண்டும். ஆகவே வேலையின் வரிசை இதுவாக இருத்தல் நலம்: முதலில் உடற்கூடு, அடுத்து பிரேக்கும் சக்கரமும், பிறகு மின்சாரம், எஞ்சின் அதற்குப் பின், அலங்காரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

உடற்கூட்டை ஏன் முதலில் வைக்கிறேன்? மூடியுள்ள அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள். அது எளிதில் வளைவதில்லை. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், நெளிந்து கொடுக்கும். கூரையுள்ள கார் மூடியுள்ள பெட்டி. திறந்த கார் மூடியற்ற பெட்டி. எம்.ஜி.பி.க்குத் தனியான இரும்புச் சட்டமும் இல்லை. கதவுகளுக்கு அடியில் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் உள்ளீடற்ற இரும்புப் பெட்டி வாசற்படி போல் அமைந்துள்ளது. கூரை தாங்க வேண்டிய சுமையை அந்தப் படிப்பெட்டிகளே பெரும்பாலும் தாங்குகின்றன. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு என மூன்றும் சேர்ந்தால்தான் வலிமை. அவற்றுள் நீர் புகுந்து தங்கினால் துரு உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். வெளியே வண்ணப்பூச்சு பளபளக்கும். உள்ளே ஒன்றும் இராது.

இதை அறிய ஒரு சிறு காந்தம் போதும். அதை மெல்லிய துணியில் சுற்றிப் படித்தகட்டின் நெடுகிலும் நகர்த்த வேண்டும். இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும். வெறும் லப்பம் பூசிய இடத்தில் நழுவும். என் காரில் இடப்புறம் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. சுரண்டிப் பார்த்தபோது லப்பத்துக்குப் பின்னால் கம்பிவலையும் கசக்கித் திணித்த செய்தித்தாளும் வந்தன. நடுத்தகடு முற்றும் மறைந்திருந்தது. முன்பு எவரோ ஒருவர் விற்பனைக்காகச் செய்த ஒப்பனை அது. அந்த வண்டியில் பக்கத்திலிருந்து ஒரு மோதல் நேர்ந்திருந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கச் செய்தித்தாளே இருந்திருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. காரைப் பக்கவாட்டில் ஜாக்கியால் தூக்கும்போது கதவின் பின்விளிம்பிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது குறுகுமானால், அல்லது கதவு திறக்க மறுக்குமானால், கூடு தளர்ந்துவிட்டது என்பது பொருள்.

படித்தகடுகளை வெட்டி எடுத்துப் புதியவற்றைப் பற்றவைப்பது வீட்டில் முடியாத காரியமன்று; ஆயினும் பற்றவைப்பில் நன்கு பழகாதவர் அதைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. யார் செய்தாலும் ஒரு விதியை மறத்தல் ஆகாது. வெட்டுவதற்கு முன் கதவு வாயிலின் குறுக்கே உறுதியான இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்திவிட வேண்டும். இன்றேல் வெட்டியதும் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத்தகட்டைப் பற்றவைத்தால் அதன்பின் கதவு ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. உதிரித் தகடுகளுக்குப் பஞ்சமில்லை. 1988-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே இக்காரின் முழு உடற்கூட்டையும் மீண்டும் செய்யத் தொடங்கியது.

காருக்கு அடியில் செய்யும் வேலைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. தூக்கியபின் உறுதியான இரும்புத் தாங்கிகளைச் சமதரையில் நிறுத்தி, அவற்றின்மேல் காரை அமர்த்தி, அசைத்துப் பார்த்த பிறகே அடியில் நுழைய வேண்டும். செங்கற்களை அடுக்கித் தாங்கவைத்தல் கூடவே கூடாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இனி பிரேக்குக்கு வருவோம். முன் சக்கரங்களில் வட்டத்தட்டு பிரேக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. கால்மிதியை அழுத்தும்போது திரவம் அந்த அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்கிறது. இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நீண்ட சரிவில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கக் கூடியது. மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது. ஆகவே திரவம் தெளிவாகத் தோன்றினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். பிரதான சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, ஒருவர் மிதியை அழுத்த மற்றொருவர் திருகைத் திறந்து மூட, குமிழி இல்லாத திரவம் வரும்வரை இதைச் செய்வது வழக்கம். பழைய ரப்பர்க் குழாய்கள் வெளியே நலமாகத் தோன்றி உள்ளே வீங்கியிருக்கும். அப்போது திரவம் போகும், எளிதில் திரும்பாது. மிதியை விட்டபிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுகியே இருந்தால் அக்குழாயை ஐயுறுக. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். டிரம்மில் படிந்த தூளைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியை உறையிலிட்டுக் கழிக்க வேண்டும். அத்தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப்பின் நோய் செய்யும்.

கம்பிச் சக்கரங்கள் இக்காருக்கு அழகு சேர்ப்பவை. நடுவிலுள்ள ஒரே பெரிய மரை அவற்றைப் பிடித்திருக்கிறது. வலப்புற மரையும் இடப்புற மரையும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்பவை. சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் திருப்பினால் மரை கழலும் என்பதை நினைவில் கொள்ளலாம். பக்கம் மாற்றிப் பொருத்தினால் சக்கரம் ஓட்டத்திலேயே கழன்றுவிடும்.

மின்சாரக் கோளாறுகளைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அஞ்சத் தேவையில்லை. பழைய பிரிட்டிஷ் கார்களின் கம்பிகளுக்கு நிறமே மொழி. பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி திருப்பியபின் உயிர்பெறுவது, நீலம் முகப்பு விளக்குக்கு உரியது, சிவப்பு சிறு விளக்குகளுக்கு உரியது, கறுப்பு எர்த். விளக்கு மங்கினால் விளக்கைக் குறைகூறுமுன் கறுப்புக் கம்பி உடற்கூட்டில் திருகப்பட்ட இடத்தைக் கழற்றி, துருவைத் தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும். 1967-க்கு முற்பட்ட வண்டிகளில் பாட்டரியின் நேர்முனை உடற்கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும்; இக்கால வழக்கம் இதற்கு நேர்மாறு. இதை அறியாமல் புதிய வானொலிப் பெட்டி ஒன்றை அப்படியே இணைத்தால் பெட்டி கெடும்.

எஞ்சினைச் சீர்செய்தல் இன்பமான பகுதி. வால்வுகளின் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 15 பங்கு. தீப்பொறிப் பிளக்கின் இடைவெளி 25 பங்கு. இவற்றைத் தகட்டால் அளந்து திருத்தலாம். எஸ்.யு. கார்புரேட்டர்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் காற்றின் தேவைக்கேற்ப மேலெழும். அதனோடு கூர்மையாகச் சரிந்த ஊசியும் எழுவதால் பெட்ரோல் வழி அகலும். இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். அதை அறிய ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேளுங்கள்; இரண்டின் சீறலும் ஒத்திருக்க வேண்டும். பின்னர் பிஸ்டனை ஓர் இழையளவு உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. தளர்ந்து அணைய முற்பட்டால் பெட்ரோல் குறைவு. சற்றே ஏறி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பழகிய செவி போதும்.

மேம்பாடுகள் என்று கடைகளில் விற்பவை பல. எவை தக்கவை? காலம் மாறியதால் தேவைப்படுபவை தக்கவை என்பது என் கருத்து. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொதுவிற்பனை 1999-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. ஈயத்தின் படிவு வால்வின் இருக்கைக்கு மெத்தைபோல் உதவி வந்தது. அது இன்றி நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் இருக்கை தேயும். சரிசெய்த வால்வு இடைவெளி மீண்டும் மீண்டும் குறைந்து வருவதே அதன் அடையாளம். எஞ்சின் தலையைக் கழற்றும் வேளை வரும்போது கடினமான இருக்கைகளைப் பதித்துக்கொள்ளலாம். 2021 முதல் அந்நாட்டின் சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பரை அரிக்கும். கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவது முதற்கடமை. முகப்பு விளக்கின் மின்னோட்டம் முழுவதையும் பழைய சுவிட்சின் வழியே செலுத்தாமல் ரிலே பொருத்துவதும், நல்ல இடைவார் அமைப்பதும் பயனுள்ளவை. எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கும் கருவிகளைப் பிரேக்கும் கூடும் அதற்கு ஈடான பிறகே எண்ணுக. எந்த மாறுதலைச் செய்தாலும் மூலப்பகுதியை எறியாமல் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள்; அடுத்து வருபவர் நன்றி பாராட்டுவார்.

மேல்மூடியைப் பற்றிச் சில சொற்கள். அதை ஈரத்தோடு மடக்குதல் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். கடுங்குளிரில் மடக்கினால் வினைல் வெடிக்கும். பின்புறத்துப் பிளாஸ்டிக் சன்னலின்மேல் மென்துணி விரித்து மடக்கினால் கீறல் விழாது.

முடிவாக ஒன்று கூறுவேன். பழைய காரைத் திருத்துபவர் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் வேண்டும். எந்த நாளில் எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம், எதை இன்னும் பார்க்கவில்லை என்பதை அதில் ஒளிவின்றி எழுத வேண்டும். காரை விற்கும் நாளில் அந்தக் குறிப்பேட்டையும் சேர்த்தே கொடுத்தல் முறை. லப்பத்தின் பின்னால் செய்தித்தாளை மறைத்தவர் வாங்குபவரின் உயிரை வைத்து வாணிகம் செய்தார். உண்மையை எழுதிவைப்பவர், தாம் அறியாத ஒருவரின் பயணத்துக்கும் காவலாகிறார்.