கிழிஞ்சாலும் காசு வரும்!

வெள்ளிக்கிழமை விடியற்காலையில வேப்பூர் ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில பஸ்ல போனவங்களுக்கு வேப்பூர் கூட்டுரோடு தெரிஞ்சிருக்கும். சந்தை தெரியணும்னா கொஞ்சம் தூக்கத்தைத் தியாகம் பண்ணணும். வெள்ளாடு, செம்மறி, தரகர், துண்டு, டீ, தூசி... பக்ரீத், தீபாவளி நெருங்கிடுச்சுன்னா கேட்கவே வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது.

இப்போ அந்தச் சந்தையோரத்து டீக்கடை ஒண்ணைக் கற்பனை பண்ணுங்க. கல்லாப்பெட்டி முன்னாடி தொங்குற க்யூ.ஆர். அட்டையில ஒரு பக்கம் டீக்கறை. ஒரு பக்கம் புழுதி. ஒரு ஓரத்துல ஆட்டுக்குட்டி கடிச்ச தடம்! ஆனாலும் செல்போனை நீட்டினா 'டிங்'. பத்து ரூபாய் போயிடுது. அதுவும் எந்தக் கணக்குக்குப் போகணுமோ அதே கணக்குக்கு!

அட்டையில இருக்கிற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வெறும் 1, 0 தான். அதுல ஒரு பங்கு அழிஞ்சே போச்சு. அப்புறம் எப்படி பாஸ் செல்போன் கரெக்டா படிக்குது?

இ.சி.இ. படிக்கிற மகாஜனங்கள் இந்நேரம் "ஓ, எர்ரர் கன்ட்ரோல் கோடிங்கா? அதைத்தான் நாங்க சாய்ஸ்ல விட்டாச்சே!" என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். சாய்ஸில் விடற சமாச்சாரமா இது? படிங்க.

அறுபதா, எழுபதா?

சந்தை இரைச்சலுக்கு நடுவுல ஒரு வியாபாரி செல்போன்ல "அறுபது ஆடு" என்கிறார். எதிர்முனையில இருக்கிறவர் காதில் "...பது ஆடு" மட்டும்தான் விழுது. அறுபதா, எழுபதா? ரெண்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறதால வர்ற வம்பு இது. இதே "அஞ்சு"க்கும் "நூறு"க்கும் நடுவுல இந்தக் குழப்பம் வராது. ஒரு எழுத்து கெட்டாலும் இது எதுன்னு தெரிஞ்சிடும். அதாவது, சொற்கள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரத்துல இருக்கோ அவ்வளவு பாதுகாப்பு. பிழைதிருத்தும் கோடு என்கிற மொத்த சப்ஜெக்ட்டுக்கும் அஸ்திவாரம் இந்த 'தூரம்'தான்.

தூரத்தை எப்படி உண்டாக்குறது? சுலபமான வழி, திருப்பிச் சொல்றது. "அறுபது, அறுபது, ஆறு பத்து"ன்னு கத்துறாரே வியாபாரி, அதுவும் ஒரு கோடுதான். ஆன்லைன்ல பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணை ரெண்டு தடவை டைப் பண்ணச் சொல்றாங்களே, அதுவும் இதே டெக்னிக்தான். ஆனா ரெண்டும் பொருந்தலைன்னா 'தப்பு'ன்னு மட்டும்தான் தெரியும், எது சரின்னு தெரியாது. ஆதார் எண்ணோட 12வது இலக்கமும் அப்படித்தான். முதல் 11 இலக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு வர்ற இலக்கம் அது. வெர்ஹோஃப் என்கிற டச்சு கணிதக்காரர் 1969ல் கண்டுபிடிச்ச முறை. ஒரு இலக்கம் மாறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ பிடிச்சிடும். பிடிக்கும், அவ்வளவுதான். திருத்தாது.

திருத்தணும்னா மூணு தடவை அனுப்பி, மெஜாரிட்டி பார்க்கலாம். ஆனா ஒரு படத்தை அனுப்ப மூணு படத்துக்கு டேட்டா காலியாகும். உங்க ரீசார்ஜ் தாங்குமா?

பக்கத்துல விருத்தாசலம், பீங்கான் ஊர். அங்கேயிருந்து கிளம்புற பொம்மையையும் கப்பையும் வைக்கோல் சுத்தி அனுப்புறாங்கன்னு வைங்க. வைக்கோல் சரக்கு இல்லை, ஆனா வைக்கோல் இல்லாம சரக்கு முழுசாப் போய்ச் சேராது. எவ்வளவு குறைவான வைக்கோல்ல எவ்வளவு சரக்கைக் காப்பாத்தலாம் என்பதுதான் கேள்வி. ஒரே வித்தியாசம், நம்ம கணித வைக்கோல் உடைஞ்ச கப்பை ஒட்டவும் வைக்கும்!

மூணு வட்டம், ஒரு கோபக்காரர்

1940களின் கடைசி. அமெரிக்காவில் பெல் லேப்ஸ். ரிச்சர்டு ஹாமிங் என்கிற கணிதக்காரருக்குக் கம்ப்யூட்டர் கிடைப்பது வார இறுதியில்தான். ஆள் பக்கத்தில் இல்லாதபோது அந்த மெஷின் ஏதாவது தப்பைக் கண்டால், ஹாமிங்கின் வேலையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பெப்பே! தப்புன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச மெஷினுக்கு எங்கே தப்புன்னு கண்டுபிடிக்கத் தெரியாதான்னு கடுப்பானவர், 1950ல் வெளியிட்டதுதான் ஹாமிங் கோடு.

நோட்டுப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்தை எடுங்க. ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிற மாதிரி மூணு வட்டம் போடுங்க, அ, ஆ, இ என்று. நடுவுல மூணும் சேருற இடம் ஒண்ணு, ரெண்டு ரெண்டு சேருற இடம் மூணு. இந்த நாலு இடத்துலயும் சரக்கை வைங்க: நடுவுல 1, அ-ஆ சேருற இடத்துல 1, ஆ-இ சேருற இடத்துல 0, அ-இ சேருற இடத்துல 1. இப்போ ஒவ்வொரு வட்டத்துலயும் மிச்சம் இருக்கிற ஓரத்துல, அந்த வட்டத்துக்குள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகிற மாதிரி ஒரு 0 அல்லது 1 போடுங்க. அ-வுக்கு 1, ஆ-வுக்கு 0, இ-க்கு 0. ஆக நாலு சரக்கு, மூணு வைக்கோல். மொத்தம் ஏழு.

இதை அனுப்புறீங்க. வழியில அ-இ சேருற இடத்து 1 கெட்டுப்போய் 0 ஆயிடுச்சு. வாங்கினவர் எண்ணிப் பார்க்கிறார். அ வட்டம் ஒற்றைப்படை, தப்பு. ஆ வட்டம் சரி. இ வட்டம் தப்பு. அ-விலும் இ-யிலும் இருக்கணும், ஆ-வில் இருக்கக் கூடாது. அப்படி ஒரே ஒரு இடம்தான் உண்டு. மாட்டிக்கிச்சு! 0-ஐ 1 ஆக்கினா வேலை முடிஞ்சது. ஏழுல எந்த ஒண்ணு கெட்டாலும், வைக்கோலே கெட்டாலும், இப்படிப் பிடிக்கலாம். போட்டுப் பாருங்க.

வில்லங்கமும் இருக்கு. கூடவே ஆ-இ சேருற இடத்து 0-வும் 1 ஆயிடுச்சுன்னா? இப்போ அ-வும் ஆ-வும் தப்பு காட்டும், இ சரின்னு சொல்லும். டீகோடர் அப்பாவியா அ-ஆ நடுவுல இருக்கிற நல்ல 1-ஐக் கெடுத்து வைக்கும். ரெண்டு தப்பு மூணாயிடும்! அதனால பல பிழைகளைத் திருத்துற கோடு தேவைப்பட்டது. அதுக்குத்தான் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வர்றார்.

வயலில் இருந்து வந்த கணக்கு

ராஜ் சந்திர போஸ். 1901ல் ஹோஷங்காபாத்தில், அதாவது இன்றைய நர்மதாபுரத்தில் பிறந்தவர். கல்லூரிப் பருவத்திலேயே 1918 இன்ஃபுளுயன்சா கொள்ளைநோயில் அம்மா போனார், அடுத்த கொஞ்ச நாளில் அப்பாவும் போனார். டியூஷன் எடுத்துப் படித்த ஆள். பிறகு மகாலனோபிஸ் அவரைக் கல்கத்தாவில் இருந்த இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே வேலை என்ன தெரியுமா? வயல் சோதனை! பல ரக விதை, பல வகை உரம், மண்ணின் தன்மையோ பாத்திக்குப் பாத்தி வேற. எந்த விதையை எந்தப் பாத்தியில் போட்டால் முடிவு நியாயமாக இருக்கும்? இதற்கு போஸ் எடுத்த ஆயுதம் கால்வா களம். 20 வயதில் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போன பிரெஞ்சு இளைஞர் எவாரிஸ்ட் கால்வா விட்டுப்போன கணிதம் அது. பாத்திகளை 'ஒண்ணுக்கொண்ணு தூரமாக' அடுக்குற கணக்கும், கோடு சொற்களைத் தூரமாக அடுக்குற கணக்கும் உள்ளுக்குள்ள அண்ணன் தம்பி. 1949ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போன போஸ், 1960ல் தன் மாணவர் ராய் சவுத்ரியோடு சேர்ந்து, எத்தனை பிழை வேண்டுமோ அத்தனை பிழையைத் திருத்துகிற மாதிரி கோடுகளை வடிவமைக்கும் வழியைச் சொன்னார். பிரான்ஸில் ஓக்கங்கெம் என்பவரும் தனியாக 1959லேயே இதைக் கண்டுபிடித்திருந்தார். மூணு பேர் பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்து பி.சி.எச். கோடு.

டீக்கடை அட்டைக்கு வருவோம். க்யூ.ஆர். கோடில் மூலைக் கட்டங்களை ஒட்டி 15 பிட் தகவல் ரெண்டு இடத்துல அச்சாகியிருக்கும். 'என்னை எப்படிப் படிக்கணும்' என்கிற குறிப்பு அது. அதைக் காப்பாற்றுவது பி.சி.எச். கோடு! வேப்பூர் டீக்கடையில நீங்க ஸ்கேன் பண்ணினாலும், உங்க செல்போன் முதலில் போஸைத்தான் கும்பிட்டுவிட்டுப் போகும்.

மிச்ச சரக்கைக் காப்பாற்றுவது அதே 1960ல் ரீடு, சாலமன் என்ற இருவர் கண்டுபிடிச்ச கோடு. ஐடியா செம சிம்பிள். 3, 5 என்று ரெண்டு எண் அனுப்பணும். அதே நேர்கோட்டுல அடுத்து வர்ற 7, 9-ஐயும் சேர்த்து அனுப்புங்க. வந்து சேர்ந்தது 3, 5, 8, 9. கிராஃப்ல வச்சுப் பாருங்க. மூணு புள்ளி ஒரே கோட்டுல நிக்கும், 8 மட்டும் வெளியே துருத்திக்கிட்டு நிக்கும். அதுதான் களவாணி. நிஜத்துல நேர்கோட்டுக்குப் பதில் வளைவுகள், சாதா எண்ணுக்குப் பதில் கால்வா களம். 1994ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் க்யூ.ஆர். கோடைக் கொண்டுவந்தபோது நாலு நிலை வச்சாங்க: சுமார் 7, 15, 25, 30 சதவீத சேதம் வரை தாங்கும். 1982ல் வந்த சி.டி.யின் கீறலைச் சமாளிச்சதும் இதே கோடுதான்.

சென்னைப் பையன் கேட்ட கேள்வி

நூறு புள்ளியில 25 தான் சரக்கு, 75 வைக்கோல்னா எத்தனை பிழை திருத்தலாம்? வைக்கோல்ல பாதி, அதாவது 37. அதுக்கு மேல போனா ஒரே விடை கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை. பல வருஷம் இதுதான் எல்லைன்னு டீகோடர் செய்றவங்க நின்னுட்டாங்க.

ஒரே விடை எதுக்கு? "அறுபது அல்லது எழுபது"ன்னு சின்னப் பட்டியல் கொடுத்தாப் போதாதா? லாரியில எத்தனை ஆடு ஏறிச்சுன்னு பார்த்து மிச்சத்தைத் தீர்மானிச்சுக்கலாமே! 'பட்டியல் டீகோடிங்' என்கிற இந்த யோசனை 1950களிலேயே உண்டு. ஆனா வேகமா செய்து காட்ட யாருக்கும் தெரியலை. சென்னையில் 1966ல் பிறந்து, டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த மது சுதன் 1997ல் முதல் வழியைக் காட்டினார். அது வைக்கோல் ரொம்ப அதிகமாக இருக்கும் கோடுகளுக்கு மட்டும்தான் பயன்பட்டது. அதே 1997ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக் முடித்துவிட்டு எம்.ஐ.டி.க்குப் போன வெங்கடேசன் குருசாமி அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே ரெண்டு பேரும் சேர்ந்து எல்லாக் கோடுகளுக்கும் எல்லையை உடைத்தார்கள். நம்ம உதாரணத்துல 37, சுமார் 50 ஆயிடுச்சு. நூத்துக்கு ஐம்பது தப்பா இருந்தாலும் விடை பட்டியலில் இருக்கும்! 2002ல் மது சுதனுக்கு நெவன்லின்னா பரிசு. குருசாமி அதோட விடலை. 2006ல் அத்ரி ருத்ராவோடு சேர்ந்து, கோடைக் கொஞ்சம் மடித்து அடுக்கி, 75க்குப் பக்கத்திலேயே போய்விட்டார். அதுக்கு மேல போக கணிதமே அனுமதிக்காது. வாத்தியார் போட்ட கணக்கை வாத்தியாரோடு சேர்ந்து முன்னேற்றி, அப்புறம் தனியாகவும் முன்னேற்றினதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச சங்கதி.

ஆனா ஒண்ணு. இத்தனை கணிதமும் விபத்தைத்தான் திருத்தும், திருட்டை இல்லை. ராத்திரியோட ராத்திரியா யாராவது அந்த அட்டை மேல தன்னோட க்யூ.ஆர். ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போனா, ரீடு-சாலமனும் போஸும் சேர்ந்து அந்தத் திருடனோட கணக்கைப் பிழையே இல்லாம படிச்சுக் கொடுப்பாங்க! நாள் முழுக்க டீ ஆத்தினவருக்கு நாமம். அதனால காசு அனுப்பும் முன்னாடி திரையில வர்ற பெயரை ஒரு தடவை சத்தமா படிங்க. "அண்ணே, இந்தப் பேருதானே?" அஞ்சு செகண்ட் ஆகும். கடைக்காரர்கிட்ட பணம் வந்ததைச் சொல்ற ஸ்பீக்கர் பெட்டி இருந்தா, அது வாயைத் திறக்குதான்னு கவனிங்க.

செய்து பார்க்க ஒரு வேலை. உங்க பெயரை வச்சு ஒரு க்யூ.ஆர். உருவாக்கி, 30 சதவீத நிலையில் பிரின்ட் எடுங்க. நடுவுல பேனாவால கொஞ்சம் கொஞ்சமா கறுப்படிச்சுக்கிட்டே ஸ்கேன் பண்ணுங்க. எப்போ மக்கர் பண்ணுதுன்னு குறிச்சுக்கோங்க. அடுத்து புது பிரின்ட் எடுத்து, மூலையில இருக்கிற பெரிய சதுரம் மூணுல ஒண்ணை மட்டும் முழுசா மூடுங்க. சேதம் கொஞ்சம்தான், ஆனா பெரும்பாலும் செல்போன் முழிக்கும். அந்தச் சதுரங்கள் 'நான் இங்கே இருக்கேன்'னு கேமராவுக்குக் கை காட்டுறவை, எந்தக் கோடும் அவற்றைக் காப்பாத்துறது இல்லை. ஆட்டுக்குட்டி எந்த இடத்துல கடிச்சது என்பதும் முக்கியம்தான், இல்லையா?