அடையாள அட்டைக்குள் ஒரு பிறந்தநாள்

கிண்ணியாவிலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். கொட்டியார் குடாவில் தொழில் செய்யும் கடற்றொழிலாளர் சங்கமொன்றுக்கு இணையத்தளம் செய்கிறாராம். படகு, உரிமையாளர், விற்பனை எல்லாம் பதிய வேண்டும். நார்மலைசேஷனை எதுவரை கொண்டுபோவது என்று கேட்கிறார்.

அட்டவணை, சாவி எல்லாம் அவருக்குத் தெரியும். 1970களின் தொடக்கத்தில் ஐபிஎம்மின் எட்கர் கோட் வகுத்த நார்மலைசேஷன் விதிகளின் சாரம், ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும் என்பதே. படகு உரிமையாளரான சம்மாட்டியின் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு படகோடும் எழுதிவைத்தால், அது மாறும் நாளில் ஒரு படகில் புதியதும் இன்னொன்றில் பழையதும் நிற்கும். என் மாமாவின் கடையில் கடன் கொப்பி இரண்டு இருந்தது; மாதக் கடைசியில் அவை ஒத்துவந்ததே இல்லை. நார்மலைசேஷனில் மூன்றாம் நிலை வரை போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். நான்காவது, ஐந்தாவதைத் தேடி அலைய வேண்டாம்.

இப்படி ஒரே செய்தி இரண்டு தரம் பதியப்படுவதில் எனக்குப் பிடித்த விசித்திரம் நம் சட்டைப்பையில் இருக்கிறது. இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் 500 கூட்டுவார்கள். இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்தான், ஆகவே மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61ஆம் நாள். 12 எண் கொண்ட புதிய இலக்கத்தில் ஆண்டு முழுதாக வரும். மற்றபடி அதே கணக்கு.

இலக்கத்தை வாங்கிய பிறகும் பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்று கேட்கும் படிவம் ஒரே செய்தியை இரண்டு தரம் வாங்குகிறது. இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? இலக்கத்தையே முதன்மைச் சாவியாக்குவதும் ஆபத்து: பழைய இலக்கத்தோடு ஒரு தரமும் புதியதோடு ஒரு தரமும் பதிந்தால் ஒரே சம்மாட்டி இரண்டு ஆளாகிவிடுவார். சங்கமே ஒரு தொடரிலக்கம் கொடுக்கட்டும். உண்மையில், மீன் விற்கும் தளத்துக்கு அடையாள அட்டை எதற்கு? கண்டவர் எல்லாம் அதைக் கேட்பது இங்கே ஒரு பழக்கதோஷமாகிவிட்டது.

விலையில் மட்டும் கவனம். அறுக்குளாவின் இன்றைய விலை மீன் அட்டவணையில் இருக்கட்டும். விற்ற அன்றைய விலையை விற்பனைப் பதிவிலும் எழுதுங்கள். பார்வைக்கு இரட்டைப் பதிவுபோலத் தெரியும். ஆனால் அது வேறு செய்தி. எழுதாவிட்டால், இன்று விலையை மாற்றியதும் போன மாதத்துப் பற்றுச்சீட்டெல்லாம் சேர்ந்து மாறிவிடும். படகுவாரி மொத்தத்தைக் கூட்டித் தனியாகச் சேமிப்பதை, தளம் மந்தமாகிறது என்று அளந்து பார்த்த பிறகு யோசிக்கலாம்.