எந்த நாட்டுக் கித்தார் நல்லது?

எங்கள் பாடற்குழுவுக்கு மின்சாரக் கித்தார் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் அனுமதி தந்ததுதான் தாமதம், வகுப்பில் இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. அமெரிக்கக் கித்தார்தான் உயர்ந்தது என்றது ஒன்று. இந்தோனேசியாவில் செய்ததே போதும் என்றது மற்றொன்று. வழக்கைத் தீர்க்க நாங்கள் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

மின்சாரக் கித்தார்கள் பெரும்பாலானவற்றுக்கு வீணையைப் போலக் குடம் கிடையாது. உடல் வெறும் கட்டை. எஃகுத் தந்திகளின் அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளும் இருக்கின்றன. தந்தி அதிர்ந்தால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அறிவியல் பாடத்தில் வரும் மின்காந்தத் தூண்டல்தான்! ஒற்றைச் சுருளில் விளக்கு, மின்மாற்றி இவற்றின் இரைச்சலும் சேர்ந்துவிடும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த ‘ம்ம்’ என்ற சத்தத்தை அடக்கினார்.

அமெரிக்காவில் இரு பெரும் பெயர்கள். ஃபெண்டர் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குக் கழுத்தைத் திருகாணியால் பொருத்தினார்கள். ஒலி மணிபோலத் தெளிவு. கிப்சனின் 1952ஆம் ஆண்டு லெஸ் பாலுக்கு மகாகனி உடலில் கழுத்தைப் பசையிட்டு ஒட்டினார்கள்; ஒலி கனமானது. இதில் உயர்வு தாழ்வு பேசுவது வீண்.

1970களில் ஜப்பானியர் இவற்றைப் பார்த்துச் செய்தார்கள். 1977இல், தலைப்பகுதியின் வடிவம் தங்களுடையது என்று, ஐபனெஸ் கித்தார்களை அமெரிக்காவில் விற்றவர்கள்மீது கிப்சனின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மட்டமான சரக்காயிருந்தால் யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? 1982இல் ஃபெண்டரே ஜப்பானில் செய்யத் தொடங்கியது. அதன் ‘ஸ்கொயர்’ கித்தார்கள் பின்னர் கொரியா, சீனா, இந்தோனேசியா என்று பல நாடுகளில் உருவாயின.

இன்னொரு செய்தி எங்களை மகிழ்வித்தது. அயல்நாட்டுக் கித்தார்கள் பலவற்றில் விரல் பதியும் பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரத்தால் ஆனது! அமெரிக்கக் கட்சியினர் அதன்பின் சற்று அடங்கிப் பேசினர்.

எங்களுள் ஒருத்தியின் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் ஆசையாய் வாங்கிவந்த விலையுயர்ந்த கித்தார் காசிமேட்டுக் கடற்காற்றில் தந்தி துருப்பிடித்து, கழுத்தும் வளைந்து, பரண்மேல் கிடக்கிறது. துடைத்து வைக்க ஆளில்லை.

கடைக்குப் போனபோது, ஒலிபெருக்கியும் வாங்கவேண்டும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது! பணத்தில் பாதி அதற்கே போயிற்று. இந்தோனேசியக் கட்சி வென்றது. ஆனால் ஒரே பெயர், ஒரே விலையில் மூன்றை எடுத்துப் பார்த்தோம். ஒன்றில் மெட்டுகளின் முனை விரலைக் கீறியது. மற்றொன்றில் பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஸட்ஜம் சுருதி சேரவில்லை. மூன்றாவதைத்தான் வாங்கி வந்தோம். கூடவே ஒரு துடைக்கும் துணியும்.