கீழ்ப்படிகிற இயந்திரம் போதுமா?



அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் வியாதியஸ்தர், "ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்" என்று கெஞ்சுகிறார். பார்க்க வந்த உறவினர் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார். சிஸ்டரோ உதட்டை மட்டும் நனைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் ஓர் இயந்திர மனிதன் நின்றால் என்ன செய்யும்?

இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல. வியாதியஸ்தரைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி மாற்றும் 'ரோபேர்' என்ற ரோபோவை ஜப்பானின் ரிக்கன் ஆராய்ச்சி நிலையம் 2015இல் செய்து காட்டியது. இப்பொழுதோ மனிதர் பேச்சைப் புரிந்துகொள்ளும் செயற்கை அறிவையே ரோபோவின் கைகளோடு இணைக்கிறார்கள். கணினித் திரையில் தவறான பதில் வந்தால் அழித்துவிடலாம். அதே தவறு இரும்புக் கையாக நீண்டால் சரீரத்தின்மேல் விழும்.

1979இல் அமெரிக்காவின் மிச்சிகனில், ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி தொழிற்சாலை ரோபோவின் கை மோதி இறந்தார். அக்காலத்தில் பாதுகாப்பு என்றால் வேலிதான். ரோபோ உள்ளே, மனிதர் வெளியே. வியாதியஸ்தருக்குப் பணிசெய்யும் ரோபோவுக்கு வேலி போட முடியாது. ஆகவே, மனிதர் அருகே இயங்கும் தொழிற்சாலை ரோபோக்களுக்கு, எந்த அங்கம் எவ்வளவு விசை தாங்கும் என்று சர்வதேசத் தர அமைப்பு 2016இல் வரையறுத்தது. இடையில் சிக்கினால் கைக்கு 140 நியூட்டன், வயிற்றுக்கு 110 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 14 கிலோ, 11 கிலோ பாரம்.

ஆனால் மெதுவாகத் தொடும் கையும் கொடுக்கக்கூடாத தண்ணீரைக் கொடுத்துவிடும். அதோடு, தந்திரமான பேச்சினால் ரோபோக்களைத் தீங்கு செய்யத் தூண்ட முடியும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2024இல் காட்டினார்கள்.

அதே ஆண்டில் கூகுள் டீப்மைண்ட் குழுவினர் தங்கள் ரோபோக்களுக்கு எழுதிய ஓர் 'அரசியல் சட்டத்தை' வெளியிட்டனர். எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942இல் கதையில் எழுதிய விதிகளைத் தழுவியது அது. மனிதர், விலங்குகள், கூர்மையான பொருட்கள் சம்பந்தப்பட்ட வேலைகளை ரோபோ ஏற்கக்கூடாது என்றார்கள். ஆயினும் எழுதிய சட்டத்தை மட்டும் அவர்கள் நம்பவில்லை. மூட்டில் விசை அளவு மீறினால் ரோபோ தானே நிற்கும். அதைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் ஒருவர் நிறுத்தும் பொத்தானோடு இருப்பார்.

இப்படிப்பட்ட இயந்திரத்தை நம் மருத்துவமனைகளுக்கு வாங்கித்தர ஒருநாள் உங்களில் யாராவது மனதாரக்கூடும். அப்பொழுது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு விசையில் அது நிற்கும்? எதைச் செய்ய மறுக்கும்? பொத்தான் யார் கையில் இருக்கும்?

தாகத்தோடு ஒருவர் தண்ணீர் கேட்கும்போது, கொடுப்பதற்கு முன் சிஸ்டரைக் கூப்பிட அதற்குத் தெரியவேண்டும். அதுவரை அது துணிமூட்டை சுமக்கட்டும்.