உங்களுக்குத் தெரியுமா? கூடாரம் கட்டும் வௌவாலும் பொன்வலைச் சிலந்தியும்

குட்டைமூக்குப் பழ வௌவால் தனக்கென்று வீடு கட்டிக்கொள்ளும். பள்ளி, கல்லூரி வளாகங்களில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்க மரம் அதற்குப் பிடித்த மனை. கவிந்து தொங்கும் கிளைகளுக்குள் புகுந்து, இலைக்காம்புகளையும் சிறு குச்சிகளையும் பல்லால் கடித்து உதிர்த்து, உள்ளே ஓர் அறையைக் குடைந்தெடுக்கும். கடித்த இடங்களில் எச்சிலைப் பூசி வைக்கும். தென்னிந்தியாவில் இதைக் கவனித்த ஆய்வாளர்கள் 1995-ல் கட்டுரையாக எழுதினார்கள்: வேலை முடிய ஒரு மாதமாவது பிடிக்கிறது, அத்தனையும் ஒற்றை ஆணின் உழைப்பு. பிறகுதான் பெண் வௌவால்கள் குடிவருகின்றன. நெட்டிலிங்கத்தின் கிளையைக் கழிப்பவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அரிவாளை ஓங்கினால் நல்லது.

பெரிய பொன்வலைச் சிலந்தியிடம் கட்டும் வேலை பெண்ணுடையது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இதன் வலை ஒரு மீட்டர் அகலத்துக்கும் விரியும். வெயில் பட்டால் இழைகள் பொன்னாக மின்னும். பெண்ணின் உடல் மட்டும் 3 முதல் 5 செ.மீ.; ஆணோ அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகம். அந்தப் பொடியன், பெண் பின்னிய வலையிலேயே ஒட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறான்.

இந்தச் சிலந்தியின் மடகாஸ்கர் உறவினர்களிடம் இழை எடுத்து ஆடையே நெய்திருக்கிறார்கள்! பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் சிலந்திகள். இழை எடுத்ததும் திரும்பக் காட்டில் விட்டார்கள். சாயமே ஏற்றாத அந்தப் பொன்னிறத் துணி 2009-ல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

சிலந்தி வௌவாலைப் பிடிக்குமா? பிடிக்கும். உலகெங்கும் பதிவான 52 நிகழ்வுகளை 2013-ல் ஓர் ஆய்வு தொகுத்தது. அகப்பட்டவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சின்னஞ்சிறு வௌவால்கள்.

வாதா மரத்தடியில் காலையில் கிடக்கும் மென்று துப்பிய சக்கை, குட்டைமூக்கு வௌவாலின் இரவுச் சாப்பாட்டு மிச்சம். சாற்றை விழுங்கிவிட்டு நாரைத் துப்பிவிடும். இலுப்பைப் பூவின் இனிப்பைத் தின்ன வரும்போது மகரந்தத்தை மரத்துக்கு மரம் சுமந்து செல்வதும் இதுதான்.

இவ்வளவு செய்யும் பழ வௌவால்களை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லை தரும் உயிரினங்களின் பட்டியலில் வைத்திருந்தது. அப்போது வேட்டையாடினாலும் குற்றமில்லை. அந்தப் பட்டியலை நீக்கிய சட்டத் திருத்தம் வந்தது 2022-ல்தான்.