தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே ஒரு பூட்டு
கணினிக் காலம் – 17

மென்பொருள் நிறுவனங்களின் ஆண்டில் ‘ஃப்ரீஸ்’ என்றொரு பருவம் உண்டு. பெரும்பாலும் நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை நீளும். அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் கடைகளையும் வங்கிகளையும் ஓட்டிக்கொண்டிருக்கும் நிரல்களில் அந்த நாட்களில் யாரும் கை வைக்கக் கூடாது. நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள் வரும் பிளாக் ஃபிரைடேயில் சூடுபிடிக்கும் அவர்களுடைய வியாபாரம் கிறிஸ்துமஸில் உச்சம் தொடும். அறுவடை நடக்கிற நாளில் டிராக்டரைப் பிரித்துப் போட யாரும் துணியமாட்டார்கள்; ஃப்ரீஸின் நியாயமும் அதுதான்.

நியாயம் சரி, நாட்காட்டிதான் இடிக்கிறது. பூட்டு விழுவதற்குள் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் வரும். தீபாவளியும் அப்போதுதான் வரும். ஜனவரியில் பூட்டைத் திறந்ததும் இரண்டு மாதமாகத் தேங்கிய வேலையெல்லாம் ஒரே ரிலீஸில் கிளம்பும். அந்த வாரத்தில் பொங்கல். நடுவில் கிடக்கும் டிசம்பரில் வாடிக்கையாளர் ஊருக்குப் போய்விடுவார்; இங்கிருப்பவர் ‘ஆன்-கால்’ என்ற பெயரில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பண்டிகைக் காலத்தில் சென்னை, பெங்களூர் அலுவலகங்களின் வாட்சாப் குழுக்களில் ஓடும் கிண்டலில் பாதிக்கு மேல் இந்த ஏறுமாறிலிருந்து பிறப்பதுதான். “வெள்ளிக்கிழமை டெப்ளாய் பண்றவனுக்குச் சனிக்கிழமை கிடையாது”, “என் மெஷின்ல ஓடுதே”, “போகி அன்னைக்குப் பழைய கோடையும் கொளுத்திடலாமா?” என்பன ஆண்டுதோறும் திரும்பி வருபவை. கொளுத்தச் சொல்லும் கோடு பெரும்பாலும் சொன்னவரே மூன்று வருஷத்துக்கு முன் எழுதியதாக இருக்கும்.

கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வட்டாரத்துக்கு இந்த நாட்காட்டி நன்றாகப் பழகியதுதான். நல்லாட்டின்புத்தூரில் 1984இல் தொடங்கிய நேஷனல் பொறியியல் கல்லூரி நாற்பதாண்டுகளாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறது. தீப்பெட்டி ஆபீசும் மானாவாரி நிலமுமாக இருந்த வீடுகளிலிருந்து மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் திறந்த பிறகு ஒரு சிலருக்கு ஊர்ப் பக்கமே வேலை கிடைத்தது. மற்றவர்களுக்கு இரவு ரயில்தான் கதி. எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ், பெங்களூரிலிருந்து மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ். இரண்டும் கோவில்பட்டியைத் தாண்டி மணியாச்சியில் நின்று தூத்துக்குடி பக்கம் திரும்பும். திருநெல்வேலிக்குப் போகும் பாதை அங்கே பிரிகிறது. 1911 ஜூன் 17இல் கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்ட சந்திப்பு என்பதால் நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். தைப் பிறப்புக்கு முந்தைய விடியற்காலைகளில் அங்கே முதுகுப் பையோடு இறங்குபவர்களில் பலருடைய பைக்குள் ஆபீஸ் லேப்டாப் இருக்கும்.

அந்த ரயிலில் இடம் பிடிப்பது தனிக் கதை. முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் குறைக்கப்பட்டது. போகிக்கு முந்தைய இரவுக்கான டிக்கெட் நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் திறக்கும். நியூயார்க்கில் அப்போது இரவு ஒன்பதரை. ஃப்ரீஸுக்கு முந்தைய கடைசி ரிலீஸ் அநேகமாக அதே வாரத்தில்தான் இருக்கும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களைத் தாங்கும் சர்வர் கட்டத் தெரிந்தவர், ஐஆர்சிடிசி திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு சாமி கும்பிடுவார். அங்கே தவறினால் தட்கல்: ஏசிக்குக் காலை பத்து, மற்றதற்குப் பதினொன்று. முன்பதிவுப் படிவத்தைத் தானே நிரப்பும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் என்ன என்ற யோசனை இந்த இடத்தில் யாருக்கும் வரும். டிக்கெட் எடுத்துக் கொடுப்பதை அனுமதியின்றித் தொழிலாக நடத்தினால் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம் உண்டு என்பதைக் குழுவில் யாராவது ஒருவர் நினைவூட்டுவார். பேச்சு அதோடு நிற்கும்.

இந்தப் பூட்டைப் போட வைத்த பயம் வெறும் மேலாளர் பயம் என்று சொல்லிவிட முடியாது. டிசம்பர் மாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1987 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் கிளவுஸ்டால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வாழ்த்து நிரல் ஒன்று எழுதினார். ஓட்டினால் திரையில் எழுத்துகளால் ஆன கிறிஸ்துமஸ் மரம் வரும். மரத்தைக் காட்டிய கையோடு, பயனரின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நிரல் தன் நகலை அனுப்பிவிடும். தெரிந்தவரிடமிருந்து வந்த வாழ்த்து என்பதால் வாங்கியவர்களும் ஓட்டினார்கள். பல்கலைக்கழகங்களின் பிட்நெட் வலையமைப்பு திணறியது, ஐபிஎம்மின் உள்வலையும் அடைத்துக்கொண்டது. கெடுதல் செய்யும் எண்ணம் அதில் இருந்ததாகத் தெரியவில்லை. பண்டிகை விளையாட்டு வினையான முதல் பெரிய உதாரணம் அது.

அதன்பின் வந்தவற்றில் பல, தேதியைக் கணக்கிடத் தெரியாததால் வந்தவை. 2008 டிசம்பர் 31 காலையில் மைக்ரோசாஃப்டின் ‘ஜூன் 30’ (Zune 30) பாட்டுப் பெட்டிகள் உலகெங்கும் ஒரே நாளில் உறைந்துபோயின. உள்ளே கடிகாரத்துக்கான சில வரிகள். நாட்களின் எண்ணிக்கை 365ஐத் தாண்டியிருந்தால் வளையத்துக்குள் போ. அது லீப் ஆண்டாக இருந்து எண்ணிக்கை 366ஐயும் தாண்டியிருந்தால் 366ஐக் கழித்து ஆண்டை ஒன்று கூட்டு. 2008 லீப் ஆண்டு. அன்று சரியாக 366ஆம் நாள். 365ஐத் தாண்டிவிட்டது, 366ஐத் தாண்டவில்லை. கழிக்கவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. பேட்டரி தீரும்வரை விட்டுவிட்டு ஜனவரி 1 நண்பகலுக்கு மேல் சார்ஜ் போடுங்கள் என்பதே நிறுவனம் சொன்ன வைத்தியம். மறுநாள் பிறந்ததும் நோய் தானே போய்விட்டது.

2014 டிசம்பர் 29இல் ட்விட்டர் தன் ஆண்ட்ராய்டு பயனர்களை வெளியே தள்ளியது. வாரக் கணக்குப்படி அந்தத் திங்கள்கிழமை 2015இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. ஆண்டைக் கேட்கும் இடத்தில் வார ஆண்டைக் கேட்டுவிட்டதால் சர்வர் ஓராண்டு முன்னே ஓடிவிட்டது. ஜாவா போன்ற மொழிகளில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்ன ‘ஒய்’, பெரிய ‘ஒய்’ என்ற அளவுதான். ஆண்டின் பெரும்பகுதி இரண்டும் ஒரே விடை தரும் என்பதால் சோதனையில் சிக்குவதில்லை. மாட்டிக்கொள்ளும் நாள் விடுமுறை நாளாகவே அமைகிறது.

2021 டிசம்பரின் லாக்ஃபோர்ஜே இவற்றைப் போன்றதல்ல. தேதியோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஜாவா நிரல்கள் நடப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதிவைக்க உதவும் இலவச நூலகம் அது. பதியவேண்டிய வாசகத்துக்குள் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரியை ஒளித்து அனுப்பினால், நூலகம் அங்கே போய் வெளியாளின் நிரலை எடுத்துவந்து ஓட்டிவிடும். அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே மைன்கிராஃப்ட் சர்வர்கள் வசமாயின. அபாய அளவு பத்துக்குப் பத்து. செய்தி பரவிய டிசம்பர் 10 ஒரு வெள்ளிக்கிழமை. ஃப்ரீஸ் கிடக்கட்டும் என்று உலகம் முழுக்க எல்லாரும் பூட்டை உடைத்தார்கள். அந்த மாதத்திலேயே 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று திருத்தம் மேல் திருத்தம் வந்தது; ஒன்றைப் போட்டு முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. கடைசியாகச் சொன்னது டிசம்பர் 28இல் வந்தது. இத்தனை பெரிய நிறுவனங்கள் சாய்ந்திருந்த அந்த நூலகத்தைப் பராமரித்தவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் சிலர் என்ற விஷயமும் அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அந்த அலுப்பு தீருமுன் 2022 புத்தாண்டு நள்ளிரவில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்களில் அஞ்சல்கள் வரிசையில் தேங்கின. வைரஸ் வடிகட்டி தன் பதிப்பு எண்ணைத் தேதியிலிருந்து உருவாக்கிக்கொண்டிருந்தது: ஆண்டுக்கு இரண்டு இலக்கம், மாதத்துக்கு இரண்டு, நாளுக்கு இரண்டு, பிறகு வரிசை எண் நான்கு. அந்த எண்ணை வைக்க ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் அடங்கும் அதிகபட்ச எண் 2147483647. 2021 முழுக்க 21 என்று தொடங்கியதால் சமாளித்தது; 22 பிறந்ததும் 2201010001 வந்து நின்றது, கொள்ளவில்லை. திருத்தமாக வந்த பதிப்பின் எண் 2112330001, அதாவது 2021 டிசம்பர் 33. அவசரத்துக்குப் போட்ட ஒட்டுதான். ஆனாலும் ஒரு மாதத்துக்கு முப்பத்து மூன்றாம் தேதி கொடுத்து உலகின் அஞ்சல்களை நகர்த்திய அந்தப் பொறியாளருக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

ஊருக்கு வந்தவருக்கு லேப்டாப்பைத் திறக்காமல் இருக்க வாய்ப்பில்லாமல் போவது இதனால்தான். 2020இன் ஊரடங்கு, கரிசல் கிராமத்து வீட்டிலிருந்தே வேலை நடக்கும் என்று காட்டியது. காட்டியதன் விலை, விடுப்புக்கும் வேலைக்கும் நடுவே இருந்த வரப்பு போய்விட்டது. நியூயார்க்கின் காலை ஒன்பது மணிக் கூட்டம் இங்கே குளிர்காலத்தில் இரவு ஏழரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்புவதற்கு முன்னால் அதுவே ஆறரை; தீபாவளியை ஒட்டி ஆண்டுதோறும் யாராவது ஒரு மணி நேரம் முன்னதாக வந்து தனியாக உட்கார்ந்திருப்பார்கள். சிக்னலுக்கு மொட்டை மாடி. மாடியில் உளுந்தோ வத்தலோ காய்ந்துகொண்டிருக்கும். கீழே சொந்தக்காரர்கள் வேறு கணக்கு வைத்திருப்பார்கள்: “தம்பி, கம்ப்யூட்டர்லதான வேல பாக்க, இந்தப் பிரிண்டர கொஞ்சம் பாரு.” ஜாவா எழுதுபவருக்கும் பிரிண்டருக்கும் சம்பந்தமில்லை என்று மாமாவுக்கு விளக்குவதைவிடப் பிரிண்டரைப் பிரித்துப் பார்ப்பது சுலபம்.

விடுமுறையில் நிரல் எழுதியவர்கள் எல்லாரும் கட்டாயத்தால் எழுதியவர்கள் அல்லர். 1989 கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆம்ஸ்டர்டாமில் அலுவலகம் பூட்டிக் கிடந்தபோது பொழுதுபோக்காக கைடோ வான் ரோசம் தொடங்கியதுதான் பைத்தான் மொழி. ரூபி மொழியின் புதிய பதிப்பு 2013 முதல் ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் வருகிறது. எரிக் வாஸ்டல் 2015இல் தொடங்கிய ‘அட்வென்ட் ஆஃப் கோட்’ டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒரு புதிர் தருகிறது. நியூயார்க் நள்ளிரவில் திறப்பதால் இங்கே காலை பத்தரை மணி, ஆபீஸ் நேரம். ஃப்ரீஸில் சும்மா இருக்கிறவர்கள் சும்மா இல்லை என்று காட்ட அது வசதி.

எக்ஸ்சேஞ்சைத் தடுக்கிவிட்ட 2147483647க்கு இன்னொரு முறை வேலை வரும். பழைய யூனிக்ஸ் வழிக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை 32 பிட்டில் எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை இதே எண்ணைத் தொடுவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. அடுத்த நொடியில், 64 பிட்டுக்கு மாற்றப்படாத கருவிகளின் தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். காணும் பொங்கல் முடிந்த கையோடு வரும் நாள் அது. அந்த ஆண்டு பொங்கல் விடுப்பை நீட்டிக் கேட்க நினைப்பவர்கள் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.