வேதாளமும் ஜீனோவும்

முருங்கை மரத்து வேதாளம் எப்படிப் பேசுகிறது? 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ சிறுவர் இதழைப் படித்தவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. மாயக்கதையில் மந்திரத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஜீனோ பேசினால் மட்டும் காரணம் வேண்டும்!

1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடரில் வரும் இயந்திர நாய் அது. கதை நடப்பது 2021-ல். எழுதியவரோ பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். ஆகவே ஜீனோவுக்கு உயிர் கொடுத்தது மந்திரமல்ல, மின்னணுவியல். ஆனாலும் அதன் வாய்த்துடுக்கில் வேதாளத்தின் வாடை கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது.

தமிழ் அறிவியல் புனைகதை வாசிப்பில் சுஜாதாவோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம். அடுத்து ஜெயமோகனின் ‘விசும்பு’ அறிவியல் கதைகளைத் தொடலாம். சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ நாவலும் இருக்கிறது. தலைப்பில் உள்ளது, மகாராஷ்டிரப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் கண்டுபிடித்த விந்தை எண்.

மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள், புது நத்தம் சாலையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இன்னும் புதிய பெயர்களைத் தேடிப் பார்க்கலாம்.